மின்சார ஸ்கூட்டரின் சுவிட்சு, மீட்டர், சார்ஜர்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்சார ஸ்கூட்டரை டெலிவரி எடுக்கும்போது விற்பவர் நின்றபடியே ஐந்து நிமிடம் விளக்குவார். இது ஆன், இது மோடு, இது ரிவர்ஸ், அவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். கையேட்டைத் திறந்தால், அது நாலைந்து மாடலுக்கும் சேர்த்து அச்சடித்ததாக இருக்கும். உங்கள் வண்டியில் இல்லாத பொத்தானுக்கு ஒரு பக்கம், கண்ணெதிரே மின்னும் விளக்குக்கு ஒரே ஒரு வரி. அங்கங்கே கேட்டு, தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். அதில் பாதித் தகவல் காது வழியாகவே வந்துவிடும். இன்ஜின் ஓடுகிறதா, திணறுகிறதா, அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. இங்கே சத்தம் கிடையாது. வண்டி சொல்ல வேண்டியதை எல்லாம் மீட்டர்தான் சொல்லும். அதைப் பார்க்கிற பழக்கம் கண்ணுக்கு வரும்வரை கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

1. வண்டியை எடுக்கும்போதே முடிக்க வேண்டிய தாள் வேலை

சேசிஸ் எண், மோட்டார் எண், பேட்டரி எண். சார்ஜரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை இன்வாய்ஸிலும் வாரண்டி அட்டையிலும் வண்டியில் இருப்பது போலவே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று ஒப்பிடுங்கள். வண்டியிலேயே விலை கூடிய பாகம் பேட்டரி. அதன் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பின்னாளில் வாரண்டி கேட்டுப் போகும்போது அலைச்சல் உங்களுக்குத்தான். நான்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். கூடவே, கிளம்பும்போது ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வாரண்டி அட்டையில் “இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது” என்று இருக்கும். பலர் வருடக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் நிறைய ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர்தான் முதலில் தீரும். முதல் சர்வீஸை எத்தனை கிலோமீட்டருக்குள் அல்லது எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டதைக் காட்டியே வாரண்டியை மறுக்க வழி உண்டு, கவனம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செல்போன் ஆப்போடு இணைந்த வண்டி என்றால், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கினாரா என்று கேளுங்கள். நீக்காவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். சில மாடல்களில் அவரால் பூட்டவும் முடியும். பணம் கைமாறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

2. ஆன் ஆவது வேறு, ரெடி ஆவது வேறு

சாவியைத் திருப்பினால் அல்லது பொத்தானை அழுத்தினால் மீட்டர் ஒளிரும், விளக்குகள் எல்லாம் ஒரு முறை மின்னி அடங்கும். அப்போது வண்டி விழித்திருக்கிறது, அவ்வளவுதான். மோட்டாருக்கு இன்னும் கரண்ட் போகவில்லை.

ஓட வைக்க, பெரும்பாலான வண்டிகளில் இதுதான் வரிசை: சைடு ஸ்டாண்டை மடக்குங்கள், பிரேக் லீவரைப் பிடியுங்கள், ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். பச்சை நிறத்தில் “ரெடி” என்ற எழுத்தோ, அம்புக்குறி உள்ள ஒரு வண்டிப் படமோ மீட்டரில் வரும். சில வண்டிகளில் மோட்டாரை விலக்கி வைக்கும் பார்க் நிலை “பி” என்ற எழுத்தாகத் தெரியும். அது மறைந்தால்தான் வண்டி ஓடும்.

இந்த அடையாளம் எந்த மூலையில், எந்த வடிவில் வருகிறது என்பதை முதல் வேலையாகத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டரில் வேறு எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இது இருந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது, ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் பாயும். இல்லாவிட்டால் பாயாது. சிக்னலில் நிற்கும்போதும், பேச்சுக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நிற்கும்போதும் கண் போக வேண்டிய இடம் அதுதான்.

வண்டி ரெடியில் இருக்கும்போது சைடு ஸ்டாண்டை இறக்கினால் மோட்டார் துண்டிக்கப்படும். ஸ்டாண்டை மடக்கியதும் சில வண்டிகள் தாமாகவே ரெடிக்குத் திரும்பிவிடும், சிலவற்றில் மறுபடியும் பொத்தானை அழுத்த வேண்டும். உங்கள் வண்டி இதில் எந்த வகை என்பதை வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். தானாகத் திரும்பும் வகை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

3. வலது கை: ஆக்ஸிலேட்டர்

புதியவர்கள் விழுவது ரோட்டில் அல்ல, பார்க்கிங்கில்தான். காரணம் எப்போதும் ஒன்றே. வண்டி ஆனில் இருக்கிறது, சத்தமில்லாததால் ஆஃப் என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் நின்றபடி வண்டியை நகர்த்தவோ, ஸ்டாண்டிலிருந்து இறக்கவோ இரண்டு கைப்பிடியையும் பற்றி இழுக்கிறோம். இழுக்கும்போது வலது மணிக்கட்டு தானாகக் கீழே மடங்குகிறது. ஆக்ஸிலேட்டர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி முன்னே பாய்கிறது. பயத்தில் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் இன்னும் வேகம்.

பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வேகம் ஏறிய பிறகுதான் இழுவை முழுதாக வரும். மின் மோட்டாரில் சக்கரம் நின்ற நிலையிலேயே பெரிய முறுக்குவிசை கிடைத்துவிடும். யோசிக்க நேரம் இருக்காது.

ஆகவே மூன்று பழக்கங்கள். இறங்குவதற்கு முன்பே ஆஃப் செய்யுங்கள்; இறங்கிய பிறகு அல்ல. வண்டியைக் கையால் தள்ளும்போது வலது கையால் பிரேக் லீவரையும் கைப்பிடியின் நுனியையும் சேர்த்துப் பிடியுங்கள், அல்லது வலது கையைப் பின்பக்கக் கம்பிக்குக் கொண்டுபோய்விடுங்கள். குழந்தை முன்னால் நிற்கும்போது வண்டி ரெடியில் இருக்கவே கூடாது. ஆர்வத்தில் சின்னக் கை முதலில் தொடுவது அந்தக் கைப்பிடியைத்தான்.

ஓட்டும் விதத்துக்கு வருவோம். ஆக்ஸிலேட்டருக்குள் கம்பி இழுக்கும் வேலை எதுவும் இல்லை. காந்தத்தின் நகர்வை உணரும் ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதை அது வோல்டேஜாக மாற்றிக் கன்ட்ரோலருக்குச் சொல்லும். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். இது தெரிந்தால் இரண்டு விஷயங்கள் புரியும்.

முதலாவது, ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி ஆன் செய்தால் பல வண்டிகள் கிளம்ப மறுக்கும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. கையை முழுதாக விட்டுவிட்டு மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். இரண்டாவது, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. மேட்டில் நின்று கிளம்பும்போது இது கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும்: பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருள்கிறது, விடாவிட்டால் மோட்டார் இழுக்கவில்லை. மேட்டில் நிற்க உதவும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கால்களை ஊன்றி, பிரேக்கை மெல்லத் தளர்த்தி, தளர்ந்த அந்தக் கணத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகக் கொடுக்கப் பழகுங்கள். ஆள் இல்லாத சரிவில் நான்கைந்து தடவை செய்தால் கை பழகிவிடும்.

4. பிரேக்கும் ரீஜெனும்

ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி தானாக வேகம் குறைவதை உணர்வீர்கள். மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதுதான் ரீஜென். மீட்டரில் பவர் காட்டும் கோடு பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் பச்சையாக நகரும். எல்லா வண்டியிலும் இது இருக்காது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் வண்டி சும்மா உருண்டுகொண்டே போகும்.

ரீஜென் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பொறி ஒன்று உண்டு. பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருக்கும்போது அதில் மேற்கொண்டு சேர்க்க இடமில்லை. அதனால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகவும் பலவீனமாக இருக்கும். இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறக்கத்தில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். நேற்று மாலை ஆக்ஸிலேட்டரை விட்டதும் அடங்கிய வண்டி இன்று அடங்காமல் ஓடும். பிரேக் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், லீவரைப் பிடித்தால் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ரீஜெனை நம்பி தூரத்தைக் கணக்குப் போடும் பழக்கம்தான் ஆபத்து. நிறுத்துவது என்றால் லீவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. மோடுகள்

இகோ, நார்மல், ஸ்போர்ட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் மோடு செய்வது இரண்டே வேலை: உச்ச வேகத்துக்கும் மோட்டாருக்குப் போகும் கரண்டுக்கும் வரம்பு போடுவது. முதல் ஒரு வாரம் இகோவிலேயே ஓட்டுங்கள். பிக்கப் மந்தமாக இருப்பது அப்போது உங்களுக்கு நல்லதுதான்.

தூரம் எங்கே போகிறது என்றால், வேகத்தில்தான் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 40-லிருந்து 60 கி.மீ. வேகத்துக்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளச் செலவாகும் சக்தி இரண்டே கால் மடங்கு ஆகிறது. ஸ்போர்ட் மோடு தூரத்தைத் தின்கிறது என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஸ்போர்ட்டில் வைத்து 40-இல் நிதானமாகப் போனால் பெரிய இழப்பு இல்லை. ஸ்போர்ட்டில் வைத்துவிட்டு நிதானமாகப் போக மனம் வருவதில்லை என்பதுதான் விஷயம்.

ரிவர்ஸ் பொத்தான் இருந்தால், வண்டி முழுதாக நின்ற பிறகு அழுத்துங்கள். “ஆர்” என்ற எழுத்து வரும், ஊர்ந்து பின்னால் நகரும். வேலை முடிந்ததும் அந்த எழுத்து போய்விட்டதா என்று பார்த்துவிட்டு முன்னே கிளம்புங்கள்.

6. இடது கை

இண்டிகேட்டர், ஹார்ன், ஹை பீம் மூன்றும் எல்லா ஸ்கூட்டர் போலத்தான். சத்தமில்லாத வண்டி என்பதால் நடந்து போகிறவர் உங்களைக் கவனிக்கமாட்டார். சந்துகளில் ஹார்னைச் சற்று முன்கூட்டியே அடியுங்கள். ஹார்னும் விளக்குகளும் 12 வோல்ட்டில் இயங்குபவை. சில வண்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அது பின்னால் ஒரு பிரச்சினைக்குக் காரணமாக வரும்.

7. மீட்டர்: எதை நம்புவது, எதை நம்பக் கூடாது

பேட்டரி சதவீதம், மிச்ச தூரம், வேகம், ஓடோமீட்டர், டிரிப். இவற்றில் புதியவர்கள் கண் வைப்பது மிச்ச தூரத்தின் மீது. “இன்னும் 62 கி.மீ.” என்று எழுதியிருந்தால் மனசுக்கு நிம்மதி. ஆனால் மீட்டரில் இருப்பவற்றிலேயே மிகவும் தளர்வான எண் அதுதான். கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டரில் நீங்கள் செலவழித்த விதத்தை வைத்து, இனியும் அப்படியே ஓட்டுவீர்கள் என்று வண்டி போடும் கணக்கு அது. இறக்கத்தில் இறங்கி வந்தால் எண் ஏறும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் கண் முன்னாலேயே சரியும். வண்டிக்கு வரப்போகும் மேடு தெரியாது.

சதவீதம் அதைவிட நம்பகமானது. அதிலிருந்து உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். முழு சார்ஜில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமான ரோட்டில், வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். பேட்டரி 50 சதவீதத்துக்கு வந்ததும் டிரிப் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். 40 கி.மீ. என்றால், ஒரு சதவீதத்துக்கு 0.8 கி.மீ. இனி வீட்டுக்கு 12 கி.மீ. இருக்கும்போது 15 சதவீதம் தேவை, கைக்காவலுக்கு ஒரு 10 சேர்த்து 25 வேண்டும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். விளம்பரத்தில் சொன்ன தூரத்தோடு இது பொருந்தாது. அந்தத் தூரம் வேறு நிலைமையில் அளந்தது.

கடைசி 10 சதவீதத்தை இல்லாததாகவே வையுங்கள். அந்தக் கட்டத்தில் பல வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். தவிர, சதவீதம் என்பதும் நேரடியாக அளந்து வருவது அல்ல. உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் எண்ணிப் பெறும் கணக்கு. நாளாக ஆக அதில் சிறு பிழை சேரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் இது அதிகம் தெரியும். நடுக்கட்டம் முழுவதும் அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால், எண்ணிக்கை தவறினால் திருத்திக்கொள்ள வண்டிக்கு வேறு துப்பு கிடைக்காது. 22 சதவீதத்திலிருந்து திடீரென 9-க்குக் குதித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஒரு முறை முழுதாக 100 வரை சார்ஜ் செய்து, சார்ஜர் தானாக நிற்கும்வரை விட்டால் கணக்கு நேராகும்.

சதவீதமே இல்லாமல் நான்கைந்து கட்டங்கள் மட்டும் காட்டும் சிறிய வண்டிகள் உண்டு. லெட் ஆசிட் பேட்டரி வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் கட்டங்கள் வோல்டேஜை மட்டுமே பார்க்கின்றன. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வோல்டேஜ் இறங்கி இரண்டு கட்டம் காணாமல் போகும், நிறுத்தினால் திரும்பி வரும். எனவே ஓடும்போது பார்க்காதீர்கள், நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். அதுவே மேட்டில் முறுக்கும்போது ஒரே கட்டத்துக்கு விழுகிறது என்றால், நின்ற பிறகு மூன்று கட்டம் காட்டினாலும் சார்ஜ் போடும் நேரம் நெருங்கிவிட்டது.

வேகமானியைப் பற்றி ஒரே வரி: உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன் விதி, அதனால் சற்றுக் கூட்டியே காட்டும். செல்போன் மேப்போடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

8. எச்சரிக்கை விளக்குகள்

படத்தைவிட நிறத்தை முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் ஓரமாக நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் கவனி. பச்சையும் நீலமும் வெறும் தகவல். நீலம் ஹை பீம். ஆன் செய்ததும் எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து அணைவது பல்பு சோதனை. அணையாமல் நிற்பதுதான் செய்தி.

ஆமைப் படம் வந்தால் வண்டி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது என்று பொருள். சார்ஜ் தீர்ந்து வருகிறது, அல்லது மோட்டாரோ பேட்டரியோ சூடாகிவிட்டது. கூடவே தெர்மாமீட்டர் படமும் இருந்தால் சூடுதான். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் கிளம்பியதும் சில மீட்டர் தூரத்தில் அந்த விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலும் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஈரமான ரோட்டில் சக்கரம் வழுக்கலாம்.

ஸ்பேனர் படமும் எண்ணும் சேர்ந்து வந்தால் அது பழுதுக் குறியீடு. உடனே ஆஃப் செய்துவிடாமல் முதலில் போட்டோ எடுங்கள். ஆஃப் செய்து போட்டதும் பல சமயம் அந்த எண் மறைந்துவிடும். அப்புறம் சர்வீஸில் “எங்களிடம் எதுவும் காட்டவில்லையே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். படம், தேதி, அப்போது பேட்டரி எத்தனை சதவீதம், வெயிலா மழையா. இவ்வளவும் சொன்னால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

9. சார்ஜர்: விளக்கு, நேரம், செலவு

பெரும்பாலான சார்ஜர்களில் சிவப்பு என்றால் ஏறுகிறது, பச்சை என்றால் நிரம்பியது. ஆனால் வண்டியில் செருகாமல் சுவரில் மட்டும் போட்டாலும் பல சார்ஜர்கள் பச்சை காட்டும். ஆகவே பச்சையைப் பார்த்ததும் “அதற்குள் நிரம்பிவிட்டதா” என்று வியக்காமல், வண்டிப் பக்கப் பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். காலையில் சார்ஜ் ஏறாமல் கிடந்த வண்டிகளில் பாதிக்குக் காரணம் இந்தத் தளர்ந்த பிளக்தான் என்பது என் எண்ணம்.

நேரக் கணக்கு எளிது. பேட்டரியின் கொள்ளளவைச் சார்ஜரின் வாட்டால் வகுங்கள். 3 கிலோவாட் மணி பேட்டரி, 750 வாட் சார்ஜர் என்றால் 4 மணி நேரம். கடைசிப் பகுதியில் சார்ஜர் கரண்டைக் குறைத்துவிடும் என்பதால் அரை மணியோ ஒரு மணியோ கூட வரும். அவசரமாக வெளியே போக வேண்டும் என்றால் 80 சதவீதத்தில் எடுத்துவிடுவது லாபம். அந்தக் கடைசி 20-க்குக் காத்திருக்கும் நேரம் அதிகம்.

செலவும் அப்படியே. 1 கிலோவாட் மணிதான் வீட்டுக் கரண்ட் மீட்டரில் ஓடும் ஒரு யூனிட். சார்ஜரில் கொஞ்சம் வெப்பமாக வீணாவதால் 3 யூனிட் பேட்டரியை நிரப்பச் சுவரிலிருந்து 3.3 முதல் 3.5 யூனிட் வரை இழுக்கும். அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கினால் ஒரு முழு சார்ஜின் செலவு. இது போன்ற ஸ்கூட்டர்கள் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 40 வாட் மணி வரை செலவழிக்கும். உங்களுடையது இதற்கு மேலே போனால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், அடுத்து பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சார்ஜரை மாற்றிப் போடுவது பெரிய பொறி. பிளக் பொருந்துகிறது, “48 வோல்ட்” என்றும் எழுதியிருக்கிறது, அதனால் சரி என்று நினைக்கிறார்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் வெளியே தருவது சுமார் 58 அல்லது 59 வோல்ட். 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு உச்சம் 54.6 வோல்ட், ஒரு செல்லுக்கு 4.2 வீதம். அதற்கு மேல் ஏற்றுவது தீயோடு விளையாடுவது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டிக்க வேண்டும்தான், ஆனால் அதை நம்பிச் செய்யும் வேலை அல்ல இது. சார்ஜர் லேபிளில் “அவுட்புட்” என்ற வரியைப் படியுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரின் எண்ணோடு அது அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

எர்த் உள்ள பிளக் பாயிண்டில் நேராகப் போடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். போட்ட அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திப் பாயிண்டை மாற்றுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுவது லித்தியம் பேட்டரிக்கு நல்லது. உறையும் குளிரில், அதாவது 0 டிகிரிக்குக் கீழே, அதைச் சார்ஜ் செய்யவே கூடாது.

10. “வண்டி செத்துவிட்டது” என்று போன் செய்வதற்கு முன்

மீட்டரே எரியவில்லையா? சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ எம்.சி.பி. சுவிட்சு (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிப்பது) உள்ள வண்டி என்றால் அது மேலே இருக்கிறதா பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்த பிறகோ வண்டியை லாரியில் ஏற்றி வந்த பிறகோ அதை யாராவது இறக்கி வைத்திருப்பார்கள். அது சரி என்றால், நான் முன்பு சொன்ன அந்தக் குட்டி 12 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரிய பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தாலும் வண்டியை எழுப்புவது சின்னதுதான் என்பதால் எல்லாமே இருட்டாக இருக்கும்.

மீட்டர் எரிகிறது, ரெடியும் வருகிறது, ஆனால் நகரவில்லையா? இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். லீவரைத் தொடாமலே பிரேக் விளக்கு எரிந்தால், லீவருக்குள் இருக்கும் சுவிட்சு சிக்கிக்கொண்டது. பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துக் கன்ட்ரோலர் மோட்டாரைத் தடுக்கிறது. இரண்டு லீவரையும் நாலைந்து தடவை இழுத்து விட்டால் பல நேரம் விடுபடும். ரெடியே வரவில்லை என்றால் சைடு ஸ்டாண்டின் அடியில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்ட் மடங்கியும் சென்சாருக்கு அது தெரியவில்லை. இதுவும் இல்லையா, அப்போது போன் செய்யுங்கள்.

11. நாட்கணக்கில் நிறுத்திவைக்கும்போது

இங்கே இரண்டு வகை பேட்டரிக்கும் வழி நேர்மாறு. லித்தியத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து நிறுத்துங்கள். முழுதாக நிரப்பியோ முழுதாகக் காலியாகவோ வாரக்கணக்கில் விடக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரியை முழுதாக நிரப்பி நிறுத்த வேண்டும். காலியாக விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். ஓட்டி முடித்த அன்றே சார்ஜ் போட வேண்டியதும் இந்த வகையைத்தான்.

ஆப்போடு இணைந்த வண்டி ஆஃபில் இருந்தாலும் நெட்வொர்க்கோடு பேசிக்கொண்டே இருக்கும், அதனால் சார்ஜ் மெல்ல இறங்கும். எம்.சி.பி. இருந்தால் இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சதவீதத்தைப் பார்த்து, 30-க்குக் கீழே போயிருந்தால் 50 வரை ஏற்றுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் டயர் காற்று, இரண்டு பிரேக், ஹார்ன் மூன்றையும் வாசலிலேயே சோதித்துவிட்டு, முதல் சில கிலோமீட்டரை இகோவில் ஓட்டுங்கள்.